உடுத்தியவள் பெயர் என்ன?
செதுக்கோவியங்கள், சாதிப் படங்கள், ஒரு நைட்டி

1616-இல் லண்டனில் சைமன் வான் டி பாஸ் என்கிற இளைஞர் செப்புத் தகட்டில் ஒரு பெண்ணின் உருவத்தைச் செதுக்கினார். உயரமான தொப்பி. கழுத்தைச் சுற்றி விறைத்து நிற்கும் லேஸ் பட்டி. பூவேலை செய்த மேலங்கி. கையில் தீக்கோழி இறகு விசிறி. அன்றைய லண்டன் சீமாட்டி ஒருத்தி இப்படித்தான் உடுத்தியிருப்பாள். முகம் மட்டும் அந்த உடையோடு ஒட்டவில்லை. உயர்ந்த கன்ன எலும்பு, நேராகப் பார்க்கும் கண். அவள் வர்ஜீனியாவின் பூர்வகுடிப் பெண். உலகம் அவளைப் போகஹாண்டஸ் என்று அறியும். ஆனால் தகட்டில் அந்தப் பெயர் இல்லை. மட்டோக்கா என்ற சொந்தப் பெயரும் ரெபெக்கா என்ற ஞானஸ்நானப் பெயரும் இருக்கின்றன. கூடவே அவள் யாருடைய மகள், எந்த மதத்துக்கு மாறினாள், யாருடைய மனைவி, வயது 21 என்பதெல்லாம் பொறிக்கப்பட்டிருக்கின்றன. 1613-இல் ஆங்கிலேயர் அவளைக் கடத்திக் கப்பலில் வைத்திருந்தார்கள் என்பது மட்டும் பொறிக்கப்படவில்லை. 1617-இல், ஊர் திரும்பும் வழியில், கிரேவ்சென்ட்டில் அவள் இறந்துபோனாள். தகடு மட்டும் நிலைத்தது.

இந்தப் படத்தை எப்படி வாசிப்பது? பூர்வகுடிப் பெண்ணுக்குச் சீமாட்டி உடை போட்டு அவளைக் 'கௌரவித்தார்கள்' என்று வாசிக்கலாம். அவளுடைய அடையாளத்தை உரித்துப்போட்டு வேறொன்றை மாட்டிவிட்டார்கள் என்றும் வாசிக்கலாம். இரண்டு வாசிப்புக்கும் அடியில் ஒரே நம்பிக்கைதான் கிடக்கிறது: ஒரு பெண்ணின் உடையே அவளுடைய அடையாளம் என்பது. முதல் வாசிப்பு புது உடையில் அதைக் காண்கிறது. இரண்டாவது, களைந்த உடையில். உடைக்குள் இருந்தவளை இரண்டுமே கேட்கவில்லை. இந்த நம்பிக்கை எங்கே செய்யப்பட்டது, எந்த வழியாக நம்மிடம் வந்தது, இன்றைக்கு அது யாருடைய நிலத்தையும் சான்றிதழையும் தீர்மானிக்கிறது என்பதுதான் என் கேள்வி.

முதலில் தொழில்நுட்பம். அச்சுப் படம் என்பது கோட்டால் ஆனது. வண்ணம் கிடையாது. குறுக்கும் நெடுக்குமான நுண்கோடுகளை வைத்துத்தான் பட்டின் மினுக்கையும் மென்மயிர்த் தோலின் அடர்த்தியையும் லேஸின் ஓட்டைகளையும் காட்ட வேண்டும். ஆகவே செதுக்குபவரின் கெட்டிக்காரத்தனம் முழுவதும் துணியில் போய்க் குவிகிறது. முகத்துக்குச் சில கோடுகள் போதும். அதிலும் முகம் மாற்றத்தக்கதாகவே இருந்தது. 1493-இல் வெளிவந்த நியூரம்பெர்க் வரலாற்று நூலில் 1,809 படங்கள். அவற்றுக்காகச் செதுக்கிய மரக்கட்டைகள் 645 மட்டுமே. ஒரே முகம் ஒரு பக்கத்தில் ஒருவராகவும் இன்னொரு பக்கத்தில் வேறொருவராகவும் வரும். கீழே உள்ள பெயரை மாற்றினால் ஆள் மாறிவிடுவார். ஆக, படத்தில் 'யார்' என்பதைச் சொல்வது முகமில்லை. உடை சொல்கிறது, அடியில் உள்ள எழுத்து சொல்கிறது.

இந்த இரண்டில் ஆணுக்கு எழுத்தும் பெண்ணுக்கு உடையும் பங்கிடப்பட்டன. அரசிகள், பெரிய இடத்துச் சீமாட்டிகள் விதிவிலக்கு. 1590-இல் வெனிஸில் செசாரே வெசெல்லியோ வெளியிட்ட உடை நூலைப் பாருங்கள். நானூறுக்கும் மேற்பட்ட மரச்செதுக்குப் படங்கள். 1598 பதிப்பில் ஐந்நூறைத் தாண்டிவிட்டன. அதில் வருகிற பெண்கள் கன்னி, மணப்பெண், மனைவி, கைம்பெண், கணிகை. ஊர்ப்பெயர் உண்டு, ஆள்பெயர் இல்லை. பிராகாவில் பிறந்து லண்டனுக்குப் போன வென்செஸ்லாஸ் ஹோலர் 1640-இல் ஆங்கிலப் பெண்களின் உடைகளை 26 தகடுகளில் பதித்தார். 1643-இல் ஐரோப்பியப் பெண்களின் வரிசையைத் தொடங்கினார். அங்கேயும் அடியில் எழுதியிருப்பது லண்டன் மேயரின் மனைவி, வணிகரின் மனைவி என்பதுதான். அந்த மயிர்த்தோல் கையுறையின் ஒவ்வொரு மயிரையும் ஹோலர் காட்டிவிடுகிறார். அதற்குள் கைவிட்டிருந்தவள் யாரென்று மட்டும் காட்டவில்லை.

இதைக் கலைஞனின் அலட்சியம் என்று விட்டுவிட முடியாது. இங்கிலாந்தில் 1574-இல் எலிசபெத் அரசியின் ஆணை, எந்தத் தகுதிக்காரர் எந்தத் துணி உடுத்தலாம் என்று பட்டியல் போட்டது. பொன்னிழைத் துணி இன்னாருக்கு, ஊதாப் பட்டு இன்னாருக்கு, இந்த மயிர்த்தோல் இன்னாருக்கு. 1604-இல்தான் இந்தச் சட்டங்கள் நீக்கப்பட்டன. ஏன் சட்டம் வேண்டியிருந்தது? வணிகர் வீட்டுப் பெண் காசு கொடுத்துப் பட்டு வாங்க ஆரம்பித்துவிட்டாள். யார் பிரபு மனைவி, யார் கடைக்காரர் மனைவி என்று தெருவில் பிரித்தறிய முடியவில்லை. உடை பொய் சொல்லிவிடுமோ என்கிற பயம் சட்டமாகவும் வந்தது, உடை நூலாகவும் வந்தது. 'இவள் இப்படித்தான் இருப்பாள்' என்று உடை நூல் சொல்லும்போது, 'இவள் இப்படித்தான் இருக்க வேண்டும்' என்பதும் சேர்ந்தே அச்சாகிறது.

சரி, ஐரோப்பியப் படங்களை வைத்துக்கொண்டு ராஜபாளையத்தில் உட்கார்ந்து என்ன பேச்சு என்று தோழர்கள் கேட்கலாம். இரண்டு காரணங்கள். ஒன்று, நம் இலக்கிய மரபுக்கு இந்தத் தந்திரம் புதிதில்லை. இரண்டு, அந்தத் தகடுகளே இங்கே வந்து சேர்ந்தன.

முதல் காரணத்துக்கு உலா இலக்கியம் போதும். ஒட்டக்கூத்தரின் மூவருலாவில் பவனி வருகிற சோழனுக்குப் பெயர், வம்சம், வென்ற நாடு, ஏறிய யானை எல்லாம் உண்டு. பார்த்து மயங்குகிற பெண்களோ பேதை, பெதும்பை, மங்கை, மடந்தை, அரிவை, தெரிவை, பேரிளம்பெண். ஏழு வயது, ஏழு அலங்காரம். ஒருத்திக்கும் பெயரில்லை. மன்னன் நகர்கிறான், அவர்கள் நிற்கிறார்கள். அவன் வரலாற்றில் இருக்கிறான், அவர்கள் வகைப்பாட்டில் இருக்கிறார்கள். ஆண் செயல்படுகிறான், பெண் தோற்றம் தருகிறாள் என்ற பொருளில் ஜான் பெர்ஜர் 1972-இல் ஐரோப்பிய ஓவியங்களைப் பற்றிச் சொன்னது, தமிழ் எம்.ஏ. படித்த எவருக்கும் உலாவை ஞாபகப்படுத்த வேண்டும். வகுப்பில் உலா இலக்கணத்தை மனப்பாடம் செய்யச் சொல்கிறார்கள். இந்தக் கேள்வியை யாரும் கேட்பதில்லை.

இதோடு அகத்திணை மரபையும் போட்டுக் குழப்பிவிடக் கூடாது. அகத்தில் ஒருவரையும் பெயர் சுட்டிச் சொல்லக்கூடாது என்று தொல்காப்பியர் விதிக்கிறார். அந்த விதி தலைவனுக்கும் உண்டு, தலைவிக்கும் உண்டு. இருவரின் அந்தரங்கத்துக்கும் அது திரை. உலாவில் திரை ஒரு பக்கம் மட்டும் விழுகிறது. பெயர் இல்லாமல் இருப்பது தானாகவே அடக்குமுறை ஆகிவிடாது. எதிரில் நிற்பவனுக்குப் பெயர் இருக்கும்போது இவளுக்கு மட்டும் இல்லாமல் போவதுதான் அடக்குமுறை. இந்த வேறுபாட்டைக் கையில் வைத்துக்கொண்டு மேலே போகலாம்.

இரண்டாவது காரணம். 1596-இல் ஆம்ஸ்டர்டாமில் வெளியான லின்ஸ்ஹோட்டனின் பயண நூலில் கோவா, மலபார் மக்களின் செதுக்கோவியங்கள் வந்துவிட்டன. வெசெல்லியோவுக்கு ஆறே ஆண்டு பின்னால். 1782-இல் பியர் சொன்னரா பாரிஸில் வெளியிட்ட நூலில் நம் பகுதிச் சாதிகளும் தொழில்களும் தகடு தகடாக வருகின்றன. அதே பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் தஞ்சாவூர் ஓவியர்கள் கம்பெனி அதிகாரிகளுக்காக இணை இணையாக வரைந்து தள்ளினார்கள். ஒரு தாளில் ஒரு சாதி ஆண், பக்கத்தில் அவன் மனைவி. அவன் கையில் தொழில் கருவி இருக்கும். அவளிடம் சேலைக்கட்டும் நகையும். நெசவாளியும் அவன் மனைவியும், குயவனும் அவன் மனைவியும். ஹோலரின் 'வணிகரின் மனைவி' கடல் தாண்டி வந்து சேலை கட்டிக்கொண்டாள் என்று சொன்னால் தப்பில்லை. வரைந்த கை நம் ஊர்க் கை, வாங்கிய கண் அந்நியக் கண் என்று மட்டும் சொல்லித் தப்பித்துக்கொள்ளவும் முடியாது. கட்டைப் பார்த்துச் சாதியைக் கண்டுபிடிக்கும் வித்தை தஞ்சாவூர்க்காரருக்கு வெள்ளைக்காரன் சொல்லிக் கொடுத்தது இல்லை. சாதியமைப்பே ஒரு நடமாடும் உடை நூல். காலனியம் அதற்கு அட்டை போட்டு, பக்க எண் கொடுத்தது.

அப்புறம் புகைப்படக் கருவி வருகிறது. 1868 முதல் 1875 வரை எட்டுத் தொகுதிகளாக வந்த இந்திய மக்கள் பற்றிய ஆல்பம். 1909-இல் சென்னை அருங்காட்சியகத்தின் எட்கர் தர்ஸ்டன், ரங்காச்சாரியோடு சேர்ந்து வெளியிட்ட ஏழு தொகுதிகள். தர்ஸ்டன் மனிதர்களின் தலையை, மூக்கை அளவுகோல் வைத்து அளந்தவர் என்பது தெரிந்த செய்தி. நான் பார்க்கச் சொல்வது அவருடைய தலைப்புகளை. இடையன், மறவன், பளியன் என்று பலவும் ஆண்பால் ஒருமை. பெண் அந்தத் தலைப்புக்கு உள்ளே, திருமணம், நகை, உடை ஆகிய உட்பிரிவுகளில் வருகிறாள். அவள் அந்தச் சாதியின் ஆள் இல்லை, அந்தச் சாதியின் அலங்காரம்.

இந்த உடை நூலைக் கிழிக்க முயன்ற பெண்களின் கதையும் நம்மிடம் இருக்கிறது. தெற்குத் திருவிதாங்கூரில் நடந்த தோள்சீலைப் போராட்டத்தைத்தான் சொல்கிறேன். 1814-இல் கர்னல் மன்றோ, மதம் மாறிய பெண்கள் குப்பாயம் அணியலாம் என்றார். 1829 அரச ஆணை மேல்சீலையை மறுத்தது. அடிதடி, தீவைப்பு, துணி கிழிப்பு. கடைசியில், சென்னை ஆளுநர் ட்ரெவெலியனின் நெருக்குதலுக்குப் பிறகு, 1859 ஜூலையில் திருவிதாங்கூர் அரசர் ஓர் அறிக்கை விடுகிறார். வெற்றி என்று நாம் பாடப்புத்தகத்தில் படிக்கிற அந்த அறிக்கையின் உள்ளடக்கம் என்ன? சாணார் பெண்கள் (இன்றைய நாடார் சமூகத்தின் அன்றைய ஆவணப் பெயர்) கிறிஸ்தவப் பெண்களைப்போல் குப்பாயம் போட்டுக்கொள்ளலாம். அல்லது முக்குவப் பெண்களைப்போல் முரட்டுத் துணியைச் சுற்றிக்கொள்ளலாம். வேறு எப்படி வேண்டுமானாலும் மார்பை மறைக்கலாம். ஆனால் உயர்சாதிப் பெண்கள் உடுத்துவதுபோல் மட்டும் கூடாது.

இது வெசெல்லியோவின் மொழி. படம் இல்லாத உடை நூல் இது. அரசரின் கவலை மார்பு தெரிவதைப் பற்றியதாக இருந்ததே இல்லை. மறைப்பதற்கு அவர் சம்மதித்துவிட்டார். தெருவில் வருகிற ஒருத்தியைத் தூரத்தில் பார்த்ததும் இன்னார் என்று கண்டுகொள்ள வேண்டும், அதற்காகத்தான் அந்தக் கடைசி நிபந்தனை. தோள்சீலைப் போராட்டத்தை மானத்துக்கான போராட்டம் என்று மட்டும் சொல்லும்போது நாம் அதைச் சுருக்கிவிடுகிறோம். அந்தப் பெண்கள் தங்களை வாசிக்க முடியாதவர்களாக ஆக்கிக்கொள்ள முயன்றார்கள். அதிகாரத்துக்கு நிர்வாணத்தைவிட, வாசிக்க முடியாமல் போவதுதான் பெரிய பயம்.

பழைய கதை என்று நினைக்க வேண்டாம். 2016 ஜனவரி முதல் தமிழ்நாட்டுக் கோவில்களில் யார் என்ன உடுத்தி வரலாம் என்று உயர்நீதிமன்ற மதுரைக் கிளையில் ஓர் உத்தரவு வந்தது. சேலை, தாவணி, மேல்துணியோடு சுடிதார் என்று பட்டியல். அந்த மாதமே அது நிறுத்தி வைக்கப்பட்டது. 2018-இல் ஆந்திராவின் மேற்கு கோதாவரி மாவட்டத்துத் தொக்கலபள்ளி கிராமத்தில், பகல் நேரத்தில் பெண்கள் நைட்டி போட்டால் 2,000 ரூபாய் அபராதம், காட்டிக்கொடுப்பவருக்கு 1,000 ரூபாய் என்று ஊர்ப் பெரியவர்கள் கட்டுப்பாடு போட்டார்கள். 1574-க்கும் 2018-க்கும் நடுவே சட்டத்தின் பெயர் மாறியிருக்கிறது. அவ்வளவுதான்.

நைட்டி என்றதும் எங்கள் ஊருக்கு வந்துவிடலாம். ராஜபாளையத்துக்கு மேற்கே, மலையடிவாரத்தில், நீர்காத்த அய்யனார் கோவில். முடங்கியாற்றை ஒட்டிய இடம். அதன் பக்கத்தில் பளியர் குடியிருப்பு. ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பக்கம் செண்பகத்தோப்பிலும் வத்திராயிருப்புப் பக்கம் தாணிப்பாறையிலும் இதே பளியர் குடியிருப்புகள் உண்டு. தேன், கிழங்கு, காட்டுப் பொருள்கள். அடிவாரத்து மாந்தோப்பு, தென்னந்தோப்புகளில் கூலி. இந்த மலை 1988-இல் சாம்பல் நிற அணில் சரணாலயமாகவும், 2021-இல் ஸ்ரீவில்லிபுத்தூர் – மேகமலை புலிகள் காப்பகமாகவும் ஆனது. ஒவ்வோர் அறிவிப்புக்குப் பிறகும் காட்டுக்குள் போகும் உரிமையைப் பற்றிய பேச்சு கூடியிருக்கிறது.

அய்யனார் கோவிலுக்குப் போய் வருகிற நம்ம ஆட்கள், எழுத்தாளர்களும் சேர்த்தி, சொல்லிக் கேட்கிற ஒரு புலம்பல் உண்டு. "எல்லாம் போச்சுங்க. அந்தப் பொம்பளைங்களும் நைட்டி போட்டு மேலே துண்டைப் போட்டுக்கிட்டு நிக்கிறாங்க. அடையாளமே இல்லாமப் போச்சு." இதைச் சொல்கிறவர் கையில் கேமரா இருக்கிறது. அவர் சொந்த வீட்டில் அம்மாவும் அண்ணியும் நைட்டிக்கு மேல் துண்டு போட்டுத்தான் வாசலில் காய்கறி வாங்குகிறார்கள். அங்கே அடையாளம் போகவில்லையாம். மலையில்தான் போய்விட்டதாம்.

அந்த நைட்டி எங்கிருந்து வந்தது? ராஜபாளையத்துக்குத் தெற்கே தளவாய்புரம் வட்டாரம் நைட்டி தைக்கிற ஊர். வீட்டுக்கு வீடு தையல் எந்திரம். சத்திரப்பட்டிப் பக்கம் மருத்துவமனைகளுக்கான பேண்டேஜ் துணி நெசவு. ராஜபாளையத்தில் நூற்பாலைகள். பஞ்சிலிருந்து நைட்டி வரை எல்லாம் இந்தச் சுற்றுவட்டாரத்திலேயே, பெண்களின் கைகளிலேயே ஆகிறது. பருத்தி நைட்டி விலை குறைவு, துவைக்கச் சுலபம், குனிந்து நிமிர்ந்து வேலை செய்யத் தோது. தளவாய்புரத்தில் தைத்த பெண்ணும் மலையடிவாரத்தில் உடுத்திய பெண்ணும் ஒரே பொருளாதாரத்தில் நிற்கிறார்கள். பளியர் பெண் மட்டும் அதற்கு வெளியே, காலத்துக்கு வெளியே நிற்க வேண்டும் என்று எதிர்பார்ப்பதற்குப் பெயர் பண்பாட்டு அக்கறை இல்லை. அது தகடு கலைந்துவிட்டதே என்கிற சேகரிப்பாளரின் ஆதங்கம்.

இந்த ஆதங்கம் வெறும் ரசனையோடு நின்றால் விட்டுவிடலாம். அது அரசு அலுவலகத்துக்குள்ளும் உட்கார்ந்திருக்கிறது. பழங்குடி என்று அடையாளம் காண 1965-இல் லோகூர் குழு ஐந்து அளவுகோல்களைச் சொன்னது: ஆதிகாலத் தன்மையின் அறிகுறிகள், தனித்த பண்பாடு, ஒதுங்கிய இருப்பிடம், வெளியாரோடு பழகக் கூச்சம், பின்தங்கிய நிலை. உரிமை பெறுவதற்குக் கூச்சப்பட வேண்டும்! கூச்சப்படாமல் அலுவலகத்துக்கு வந்து மனு கொடுக்கிறவள் எப்படிப் பழங்குடி ஆவாள் என்று ஓர் எழுத்தர் சந்தேகப்பட்டால், அவரிடம் குழுவின் பட்டியல் இருக்கிறது. சாதிச் சான்றிதழ் வழக்குகளில் சடங்கு, பண்பாட்டுக் கூறுகளை வைத்துச் சோதிப்பது முடிவான அளவுகோல் ஆகாது என்று உச்சநீதிமன்றம் சொல்ல 2023 ஆகிவிட்டது. நகரமும் கல்வியும் இடப்பெயர்வும் மனிதர்களை மாற்றும், அதனால் அவர்கள் வேறு ஆட்களாகிவிட மாட்டார்கள் என்பது அந்தத் தீர்ப்பின் சாரம். வன உரிமைச் சட்டம் 2006-இல் வந்தது. அந்தச் சட்டத்தின்கீழ் உரிமை கேட்கப் போகிற பெண் எந்த உடையில் போக வேண்டும்? நைட்டியில் போனால் பழங்குடி இல்லை. 'பழங்குடி'யாகத் தெரிகிற உடையில் போனால் நாகரிகம் இல்லை. மட்டோக்காவின் லேஸ் பட்டிக்கும் தொப்பிக்கும் நடுவே அந்த முகம் மாட்டிக்கொண்டு நிற்பதைப் போலத்தான்.

இதற்கு எதிர்த்திசையில் ஓர் ஆபத்தும் இருக்கிறது. நைட்டியை விடுதலையின் கொடி என்று தூக்கிவிடுவது. போகஹாண்டஸின் படம் அதற்கு எச்சரிக்கை. உடை மாறினால் மட்டும் அதிகாரம் கை மாறிவிடாது. வர்ஜீனியாவில் முதலீடு தேடியவர்களுக்கு அந்தத் தொப்பி நல்ல விளம்பரம். சந்தைக்கும் பெண்ணின் பெயர் தேவையில்லை. அளவு தெரிந்தால் போதும். ஆகவே எந்த உடை அசல், எந்த உடை கடன் என்கிற வழக்கை நாம் தள்ளுபடி செய்துவிடலாம். கேட்க வேண்டியது வேறு. படத்துக்கு அடியில் என்ன எழுதுவது என்பதை யார் முடிவு செய்கிறார்கள்? பெயரைச் சொல்லவும், வேண்டாமென்றால் மறைக்கவும், அவளுக்கு உரிமை இருக்கிறதா? திருவிதாங்கூர்ப் பெண்கள் துணியால் கேட்டது இந்த உரிமையைத்தான்.

கடைசியாக நம் பத்திரிகைகளுக்கு வருகிறேன். சிறுபத்திரிகை அட்டைகளில் எத்தனை பழங்குடிப் பெண்களின் முகங்கள் வந்திருக்கின்றன? உள்ளே திருப்பினால் புகைப்படக்காரர் பெயர் இருக்கும், அட்டை வடிவமைத்தவர் பெயர் இருக்கும். அந்த முகத்துக்கு உரியவள் பெயர் இருக்காது. நம் கதைகளும் அப்படித்தான். ஆண் பாத்திரம் பெயரோடும் தொழிலோடும் கட்சியோடும் நுழைகிறது. பெண் பாத்திரம் சேலை நிறத்தோடு நுழைகிறது. புரட்சிகரக் கதைகளிலும் கூலிக்காரி கிழிந்த சேலையில்தான் வருகிறாள். கிழிசல்தான் அவளுடைய வர்க்கம் என்றாகிவிட்டது. இதை எழுதியவர்கள் எதிரிகள் இல்லை. நாம்தான்.

படம் எடுக்கிறவர்கள் முதலில் பெயரைக் கேளுங்கள். போடலாமா என்று அடுத்துக் கேளுங்கள். வேண்டாம் என்றால் படத்தையும் போடாதீர்கள். கதை எழுதுகிறவர்கள் அடுத்த கதையில் ஒரு பெண்ணை, என்ன உடுத்தியிருந்தாள் என்று சொல்லாமல், அவள் செய்கிற வேலையோடு உள்ளே கொண்டுவந்து பாருங்கள். முதல் பத்தியிலேயே கை தடுமாறும். அந்தத் தடுமாற்றம் நானூறு ஆண்டுப் பழக்கம். உலாவையும் சேர்த்தால் அதற்கும் மேலே.